விளங்காத குரல்

போர் ஓய்ந்தது என்ற செய்தி கேட்டால் மக்கள் வீதிக்கு வந்து ஆடிப் பாடுவார்கள் என்றே எண்ணியிருந்தேன். 1945 மே 8 அன்று இலண்டனில் அப்படித்தான் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஜப்பானில் நடந்ததைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது.

நண்பகலில் முக்கிய ஒலிபரப்பு உண்டு, அனைவரும் கேட்க வேண்டும் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். வானொலி இல்லாதவர்கள் அண்டை வீட்டிலும் பள்ளி முற்றத்திலும் தொழிற்சாலையிலும் கூடி நின்றார்கள். பேசியவர் பேரரசர் ஹிரோஹிட்டோ. மக்களில் பெரும்பாலோர் அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். பேச்சை முதல் நாள் இரவே இசைத்தட்டில் பதிவு செய்திருந்தார்கள். சரணடைய மனமில்லாத இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் அத்தட்டுகளைக் கைப்பற்ற அரண்மனை வளாகத்தை விடிய விடியத் துழாவினார்கள், கிடைக்கவில்லை.

ஏறத்தாழ நாலரை நிமிடப் பேச்சு. ஆனால் பலருக்கு அது விளங்கவே இல்லை! ஒலி கரகரத்தது. மொழியோ அரசவையின் பழைய நடை. 'சரண்' என்ற சொல்லே அதில் இல்லை. நேசநாடுகளின் கூட்டறிக்கையை ஏற்றுக்கொண்டதாக மட்டுமே இருந்தது. இன்னும் ஊக்கத்துடன் போரிடச் சொல்கிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. பின்னர் அறிவிப்பாளர் விளக்கியபோதுதான் பலருக்குத் தோல்வி என்பது தெரிந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். வங்கியிலிருந்து கடிதம் வந்தால் அப்பா அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். தமிழில்தான் இருக்கும். நான் வீட்டுப் பேச்சில் சொன்ன பிறகே, "இம்புட்டுத்தானா?" என்பார். ஆகவே, அந்த முற்றங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றவர்களை என்னால் எளிதில் நினைத்துப் பார்க்க முடிகிறது.

பிறகு அழுதார்கள். தோற்றதற்காகச் சிலர், மாண்டவர்களுக்காகச் சிலர். மார்ச்சு 10 அன்று ஒரே இரவுக் குண்டுவீச்சில் தோக்கியோவில் சுமார் ஒரு இலட்சம் பேர் இறந்திருந்தார்கள். அரண்மனை எதிரே மண்டியிட்டு விழுந்தவர்களும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. உள்ளூர மகிழ்ந்து அதை வெளியே காட்ட அஞ்சியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த வேளைச் சோறே பெருங்கவலை.

ஆகஸ்டு 20 அன்று இருட்டடிப்பு நீங்கியது. விளக்குகளை மறைத்த கறுப்புத் துணி அகன்றது. அறிவியல் மாணவனான எனக்கு மிகவும் பிடித்தது ஆகஸ்டு 22 நிகழ்ச்சி. அன்று வானொலியில் மீண்டும் வானிலை அறிவிப்பு வந்தது. 1941 டிசம்பரிலிருந்து, நாளை மழை வருமா என்பதுகூட அந்நாட்டில் இராணுவ இரகசியமாக இருந்தது.