திட்ட மேலாண்மை ஒரு தொழிலான கதை

மருத்துவர் யார், வழக்கறிஞர் யார் என்று கேட்டால் எவரும் தயங்காமல் விடை சொல்வர். அவர்களுக்கென்று படிப்பு உண்டு; தேர்வு உண்டு; பெயரைப் பதிவு செய்யும் மன்றம் உண்டு. நெறி தவறினால் பெயரை நீக்கும் அதிகாரமும் அம்மன்றத்துக்கு உண்டு. ஆனால் ஓர் அணையையோ ஆலையையோ குறித்த நாளில், குறித்த செலவில் முடித்துத் தரும் பொறுப்பை ஏற்பவர் யார்? நெடுங்காலம் அவருக்குத் தனிப் பெயர் கிடையாது. பொறியாளர் ஒருவரே தம் வேலையோடு அதையும் சேர்த்துப் பார்த்துக் கொண்டார். இன்று அதற்குத் ‘திட்ட மேலாண்மை’ என்று பெயர். அதனைத் தனித் தொழிலாக உலகம் ஏற்கச் செய்ததில் தொழிற்கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் பிறந்தது கழகம் அன்று, கணக்கு. 1957இல் அமெரிக்காவில் டூபான்ட் என்னும் வேதிப்பொருள் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து ‘முக்கியப் பாதை முறை’யை வகுக்கத் தொடங்கின. அடுத்த ஆண்டே, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை ‘பெர்ட்’ என்ற முறையைக் கையாண்டது.

இவற்றின் அடிப்படையை ஒரு வீட்டைக் கொண்டே விளக்கலாம். அடித்தளத்துக்கு 20 நாள், சுவருக்கு 30 நாள், கூரைக்கு 25 நாள் என்று கொள்வோம். ஒன்று முடிந்த பின்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். ஆக 75 நாள். கதவு, சன்னல் பலகைகளைச் செய்யத் தச்சருக்கு 40 நாள் வேண்டும். அவை கூரை முடிந்த பிறகே தேவை. முதல் நாளே வேலையைத் தொடங்கும் தச்சர் 35 நாள் தாமதித்தாலும் கெடுதல் இல்லை. கொத்தனார் ஒரு நாள் வராவிட்டாலோ வீடே ஒரு நாள் தள்ளிப் போகும். எந்த வேலையில் கண்ணாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது! ஆயிரக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடக்கும்போது இதற்குக் கணிப்பொறி தேவைப்பட்டது.

ஆலை கட்டுவோருக்கும் ஏவுகணை செய்வோருக்கும் கணக்கு ஒன்றே. அப்படியானால் இருவரும் ஒரே தொழிலைச் செய்பவர்கள் அல்லரோ? இந்த எண்ணமே கழகங்களுக்கு வித்து. ஐரோப்பாவில் 1965இல் தோன்றிய அமைப்புக்கு ‘இன்டர்நெட்’ என்றே பெயர் இருந்தது! இன்றைய இணையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் முதல் உலக மாநாடு 1967இல் வியன்னாவில் நடந்தது. அமெரிக்காவில் பி.எம்.ஐ. என்னும் திட்ட மேலாண்மைக் கழகம் 1969இல் எழுந்தது. பிரிட்டனில் 1972இல் ஏ.பி.எம். சங்கம் உருவாயிற்று.

கூடிப் பேசுவதால் மட்டும் தொழில் ஆகிவிடாது. இத்தொழில் செய்பவர் எதை அறிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்க வேண்டுமல்லவா? பி.எம்.ஐ. 1983இல் ஒழுக்க நெறி, தரம், கல்வி ஏற்பு ஆகிய மூன்றையும் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1984இல் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தியது. அறிவுத் தொகுப்பு 1996இல் நூலாக வந்தது. தேர்வு எழுத முன் அனுபவம் வேண்டும். தேறிய பின்னும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, 60 மணி அளவுக்குத் தொழிலறிவை வளர்த்ததாகக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

தேர்வைவிட ஒழுக்க நெறியே முக்கியம் என்பது என் கருத்து. வேலை பின்தங்கும்போது அதை மறைக்கும் ஆசை எவருக்கும் வரும். ‘மேலிடம் கோபித்தாலும் உண்மை நிலையைச் சொல்’ என்று ஒருவரைக் கட்டுப்படுத்த, சம்பளம் தருபவருக்கு அப்பால் ஓர் அமைப்பு இருந்தால்தான் முடியும்.

இந்த அங்கீகாரம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைப் பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு காட்டும். அந்நாட்டில் ஒரு தொழிற்கழகத்துக்குக் கிடைக்கும் உயர்ந்த மதிப்பு அரச சாசனம். அதற்கு ஏ.பி.எம். 2008இல் விண்ணப்பித்தது. ஒரு சங்கத்துக்கு மட்டும் சாசனம் அளித்தால் மற்றவை பின்தள்ளப்படும் என்று பி.எம்.ஐ. எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2014இல் உயர் நீதிமன்றமும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழக்கைத் தள்ளின. 2017இல் ஏ.பி.எம். சாசனம் பெற்ற சங்கமாயிற்று. ஒரே தொழிலை வளர்க்க வந்த இரு கழகங்கள் இத்தனை ஆண்டுகள் வழக்காடியது விந்தைதான். ஆயினும் மதிப்பில்லாத பொருளுக்கு எவரும் வழக்காடுவதில்லை.

அமெரிக்காவிலும் 2016இல் ஒரு சட்டம் வந்தது. அரசுத் துறைகளில் திட்ட மேலாண்மைக்குத் தரமுறைகள் வகுக்க வேண்டும் என்றது அது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் பி.எம்.ஐ.யும் ஒன்று.

இருப்பினும் ஒரு வேறுபாடு நீடிக்கிறது. பதிவு இழந்த மருத்துவர் மருத்துவம் பார்த்தால் அது குற்றம். சான்றிதழ் இழந்த திட்ட மேலாளரோ, வேலை தர எவரேனும் முன்வந்தால், மறுநாளே வேறொரு திட்டத்தை நடத்தப் போகலாம். ஆட்களை அமர்த்தும் நிறுவனங்கள் சான்றிதழைக் கேட்கும் வரைதான் கழகத்தின் கண்டிப்புக்கு வலிமை.