பெண் மகவுக்குத் திருநாமம்



வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பங்குனித் திருவிழாச் சொற்பொழிவு நிறைவுற்று, அடியேன் மேடையினின்று இறங்கிய வேளையில், முதிய அம்மையார் ஒருவர் அருகில் வந்து தயங்கி நின்றார். “ஐயா, மகன் வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்திருக்கிறது. பதினோராம் நாள் பேர் வைக்க வேண்டும். ‘போதும்பொண்ணு’ என்று வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று வினவினார். தேங்காய் மூடியும் விபூதிப் பிரசாதமும் கையிலிருந்தன. கண்களில் நீர் இருந்தது. நின்ற நிலையிலேயே விடை கூறிவிடத்தக்க வினா அன்று அது. மறுநாள் மாலைச் சொற்பொழிவின் பொருளாகவே அதனை எடுத்துக்கொண்டேன். அன்று சொன்னவற்றோடு பின்னர்ச் சிந்தித்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றேன்.

பெயரிடுதல் நம்மவர்க்கு எத்துணைப் பெரிய செயல் என்பதை ஒரு சொல்லே காட்டும். மகனுடைய மகனைப் ‘பேரன்’ என்கிறோம். மகளைப் ‘பேர்த்தி’ என்கிறோம். பாட்டனின் பெயரையும் பாட்டியின் பெயரையும் தாங்குவோர் ஆதலின் பெயரன், பெயர்த்தி என்று ஆயின இவை. வழிவழியாக ஒரு பெயர் மறையாது நிற்பதற்குக் குழந்தையே இடம் என்பது பழந்தமிழர் கொள்கை. சோழப் பேரரசர்களின் அரண்மனையிலும் இதே வழக்கம் இருந்தது. முதலாம் இராசராசன் தன் தமக்கையார் குந்தவையின் பெயரையே தன் மகளுக்கும் இட்டான். அத்தையின் பெயரைச் சூடிய அக்குந்தவை, கீழைச் சாளுக்கிய வேந்தன் விமலாதித்தனுக்கு மனைவியானாள். பெண்ணின் பெயரும் வழிவழி நிற்கத்தக்கது என்று அவ்வேந்தன் கருதினான் அல்லவா? அப்படியிருக்க, நிற்க வேண்டிய பெயரில் ‘போதும்’ என்ற சொல்லை எழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் பெயரிடுதலைக் குறித்த மூன்று செய்திகள் உள்ளன. மூன்றும் நம் காவிரி நாட்டோடு தொடர்புடையவை.

முதலாவது திங்களூர் அப்பூதியடிகளின் வரலாறு. திருவையாற்றுக்கு அருகிலுள்ள அவ்வூரில் வாழ்ந்த அவர், திருநாவுக்கரசு சுவாமிகளை நேரில் கண்டவர் அல்லர். கேள்வியால் மட்டுமே அன்பு பூண்டவர். ஆயினும் தம் மக்களுக்கும், வீட்டிலிருந்த அளவைகளுக்கும் நிறைகோலுக்கும், பசுவுக்கும் எருமைக்கும் ‘திருநாவுக்கரசு’ என்றே பெயரிட்டார். வழியில் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதுவே பெயர். நெல் அளக்குந்தோறும், மாட்டை அவிழ்க்குந்தோறும், மைந்தனை அழைக்குந்தோறும் அப்பெயர் நாவில் வந்துகொண்டே இருக்கும். தனியே அமர்ந்து செபிக்க நேரமில்லாத இல்லறத்தார்க்கு இதனினும் எளிய வழி வேறு உண்டோ? ஒரு நாளில் தாய் தன் குழந்தையை எத்தனை முறை கூப்பிடுகிறாள் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

இரண்டாவது, காரைக்கால் அம்மையார் வரலாறு. தனதத்தன் என்னும் வணிகர் தலைவருடைய மகளாய்ப் பிறந்து, புனிதவதி என்ற பெயர் தாங்கி, நாகப்பட்டினத்து நிதிபதியின் மைந்தன் பரமதத்தனுக்கு மனைவியானார் அவர். மாங்கனி வரலாறு நீங்கள் அறிந்ததே. மனைவியிடம் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் மரக்கலம் ஏறிச் சென்றான். பின்னர்ப் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, மறுமணம் செய்துகொண்டான். அங்கே அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். அக்குழந்தைக்கு அவன் இட்ட பெயர் எது? விட்டுவந்த மனைவியின் பெயரே! பின்பு சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் அழைத்துச் சென்றபோது, இரண்டாம் மனைவியோடும் அச்சிறு குழந்தையோடும் வந்து, அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கி, “இவர் திருப்பெயரையே இம்மகவுக்கு இட்டேன்” என்று சொன்னான்.

பரமதத்தன் செய்த பிறவற்றை நாம் எப்படிக் கருதினும் கருதுக. அடியேனுக்கும் அவன்மீது சிறிது வருத்தம் உண்டு. தான் ஒளித்து வாழ்ந்த வாழ்வையும், கொண்ட அச்சத்தையும், மறவாத மதிப்பையும் வாய்விட்டுச் சொல்ல இயலாத அவன், ஒரு பெண் குழந்தையின் பெயரில் அவற்றை வைத்தான். அதனால், அம்மையார் பேயுருக் கொண்டு கயிலை நோக்கிச் சென்ற பின்னரும், ஏதோ ஒரு வீட்டு முற்றத்தில் ‘புனிதவதி’ என்ற அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். இன்றும் காரைக்காலில் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவிற்குச் செல்வோர், அம்மையாரோடு அந்தப் பெயர் தெரியாத அன்று, பெயர் மட்டுமே தெரிந்த சிறுமியையும் நினைந்துகொள்ளலாம்.

மூன்றாவதே அம்மூதாட்டிக்கு நான் சிறப்பாகச் சொன்னது. திருவாரூரை அடுத்த நாட்டியத்தான்குடியில் கோட்புலி நாயனார் வாழ்ந்தார், சோழனுடைய படைத்தலைவர். தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவர் மனைக்கு எழுந்தருளியபோது, தம் பெண்மக்கள் இருவரையும் அழைத்து, அடிமையாக ஏற்றருள வேண்டும் என்று வேண்டினார். அவர்கள் பெயர் சிங்கடி, வனப்பகை. சுவாமிகளோ, “இவர்கள் எனக்கு மக்கள்” என்று கூறி, மடியில் இருத்தி, உச்சி மோந்து, வேண்டியவற்றை அளித்தார். அத்தோடு நின்றாரில்லை. தம் தேவாரப் பதிகங்களில் தம்மைச் ‘சிங்கடியப்பன்’ என்றும் ‘வனப்பகையப்பன்’ என்றும் குறித்துக்கொண்டார்.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தே மகளின் பெயருக்கு முன் நிற்கிறது. இங்கோ, பரவையாரும் சங்கிலியாரும் மணந்த வன்றொண்டர், இறைவனைத் தூது அனுப்பிய பெருமை உடையவர், இரண்டு சிறு பெண்களின் பெயரைத் தம் முகவரியாகப் பூண்டார்! பிறந்த பெண் யாருக்குச் சுமை என்று கேட்பவர்க்கு ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகத் திருமுறையிலேயே விடை இருக்கிறது.

கல்லிலும் விடை உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1014ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டில், பல தளிகளினின்றும் கொணர்ந்து குடியமர்த்தப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இன்ன தெரு, இன்ன வீடு என்ற குறிப்போடு ஒவ்வொன்றாக வெட்டப்பட்டுள்ளன. தில்லையழகி, சோழகுலசுந்தரி, மறைக்காடு, திருவையாறு என்பன அவற்றுட் சில. எடுத்தபாதம் என்றும் ஒரு பெயர்! அம்பலத்தாடும் பெருமானின் தூக்கிய திருவடியைப் பெண்ணுக்குப் பெயராக வைத்த பெற்றோரின் உள்ளம் எத்தகையது! பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அவர்களுக்கு அளக்கப்பட்டது. அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். அப்பூதியடிகள் வீட்டு வழக்கம் அரசனின் பண்டாரத்திலும் நிலவியது என்க.

இனி, எப்பெயரைத் தேர்வது? காவிரி பாயும் நம் நாட்டில் ஊர்தோறும் அம்பிகை ஒவ்வொரு திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறாள். அவற்றுட் பல தமிழிலும் வடமொழியிலும் ஒரே பொருளோடு இணையாக வழங்குகின்றன. திருவையாற்றில் அறம்வளர்த்தநாயகி, அதுவே தர்மசம்வர்த்தினி. நாகைக் காரோணத்தில் கருந்தடங்கண்ணி. நீலம், ஆயதம், அட்சி என்று பிரித்தால் நீலாயதாட்சி என்பதும் அதே கரிய, அகன்ற கண்தான். மயிலாடுதுறையில் அஞ்சல்நாயகி, ‘அஞ்சாதே’ என்பாள் ஆதலின் அபயாம்பிகை. வேதாரண்யத்திலோ யாழைப்பழித்த மொழியம்மை; அவள் மொழியின் இனிமைக்கு முன் நாணியதால், அத்தலத்துக் கலைமகள் கையில் வீணை இல்லை என்பர். புள்ளிருக்குவேளூரில் தையல்நாயகி, திருக்கடவூரில் அபிராமி, திருவாரூரில் அல்லியங்கோதையும் கமலாம்பிகையும் உளர். திருக்கருகாவூரில் கருக்காத்தநாயகி, சுகப்பிரசவம் வேண்டிச் சென்றோர் பின்பு மகவோடு வந்து, அங்குள்ள தங்கத் தொட்டிலில் இட்டு வணங்குகின்றனர். ஸ்ரீவாஞ்சியத்திலோ மங்களநாயகிக்கு வாழவந்தநாயகி என்றும் ஒரு திருநாமம் உண்டு.

நீண்ட பெயர் வைத்தால் வீட்டில் சுருக்கி அழைக்கிறார்களே என்பது பலருடைய குறை. அது குறையன்று, ஆயினும் சுருக்கத்தையும் முன்கூட்டியே எண்ணுதல் நலம். தர்மசம்வர்த்தினி ‘தர்மு’ ஆவாள். ‘தர்மம்’ அதில் நிற்கிறது. அபயாம்பிகை ‘அபயம்’ ஆவாள், இன்னும் நன்று. முழுப்பெயரும் சுருக்கமும் இரண்டும் பொருளோடு நிற்குமாயின் அப்பெயர் தக்கது. நட்சத்திரத்துக்குரிய எழுத்தைப் பார்ப்போர் பார்க்கட்டும். ஆனால் எழுத்துக்கணக்குச் சரிப்படவில்லை என்று நல்ல பெயரில் இல்லாத எழுத்தை நுழைத்து, உச்சரிக்க இயலாத ஒலியாக்குவது அடியேனுக்கு உடன்பாடன்று. தாய் கூப்பிடுவது எண்ணை அன்று.

உலகியலில் ஒன்று. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயர் முடிவாகாவிடினும் பதிவைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே அங்கே எழுதப்படுவது வாழ்நாள் முழுதும் உடன் வரும். ‘போதும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ அதில் எழுதப்பெற்ற சிறுமி, பள்ளியில் வருகைப் பதிவுக்காக ஒவ்வொரு நாளும் எழுந்து நின்று அதற்கு விடை சொல்ல வேண்டியவள் ஆகிறாள். அடுத்த குழந்தை ஆணோ பெண்ணோ என்பதற்கும், முன் பிறந்தவளின் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அப்பெயர் தாங்கிய பின்னும் தங்கையர் பிறந்த வீடுகளை நீங்களே அறிவீர்கள்.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த அம்மூதாட்டி, மறுநாள் ஒன்றும் சொல்லாமல் சென்றுவிட்டார். அவர் மகன் என்ன நினைத்தாரோ என்று எனக்கும் கவலை இருந்தது. அடுத்த ஆண்டுத் திருவிழாவிற்குச் சென்றபோது, இடுப்பில் குழந்தையோடு அவரே வந்தார். பதினோராம் நாள் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மகனே மஞ்சள் கிழங்கின் முனையால் பெயரை எழுதினாராம். அத்தை மூன்று முறை காதில் சொன்னாளாம். என்ன பெயர் என்றேன். “வாழவந்தநாயகி. ஸ்ரீவாஞ்சியம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து வைத்தோம்” என்றார். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய சேலையைப் பற்றி நின்ற மூத்த பெண்கள் இருவரும் அவரை முந்திக்கொண்டு, “வாழி!” என்றனர்.

திருச்சிற்றம்பலம்.