கைத்துப்பாக்கித் தோட்டா மறுநிரப்பலில் பிரைமர் மாற்றம்: அளவுப் பொருத்தமும் செயற்பொருத்தமும்

திறவுச்சொற்கள்: தோட்டா, பிரைமர், மறுநிரப்பல், அழுத்தம், படைக்கலச் சட்டம்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் உதிரிப்பாக உற்பத்தி ஓர் அடிப்படை விதியைச் சார்ந்துள்ளது. வரைபடம் குறிக்கும் அளவும் பொருளும் ஒத்திருந்தால் ஒரு பாகத்திற்கு மாற்றாக மற்றொன்றைப் பொருத்தலாம் என்பதே அவ்விதி. 18ஆம் நூற்றாண்டின் பிரான்சில் துப்பாக்கி உற்பத்தியிலேயே இவ்விதி முதன்முதலில் முறையாக முயலப்பட்டது. ஆயினும், துப்பாக்கிக்குள் இடப்படும் தோட்டாவின் பிரைமருக்கு அளவுப் பொருத்தம் மட்டும் போதுவதில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

பிரைமரின் பணி

தோட்டாவில் பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு, பிரைமர் என நான்கு உறுப்புகள் உள்ளன. பிரைமர் என்பது அடிபட்டால் தீப்பற்றும் கலவை அடங்கிய சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதனைத் தாக்கும்போது எழும் சுடர் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. சுட்டபின் எஞ்சும் கூட்டில் புதிய பிரைமரையும் மருந்தையும் குண்டையும் இட்டு மீண்டும் பயன்படுத்துவதே மறுநிரப்பல் ஆகும். அமெரிக்கா போன்ற நாடுகளில் விளையாட்டுச் சுடுநர் பலர் இதனை மேற்கொள்கின்றனர். பிரைமர் தட்டுப்பாடு ஏற்படும் காலங்களில், ஒருவகைக்கு மாற்றாக வேறுவகையை இடலாமா என்னும் வினா அவர்களிடையே எழுகிறது.

மாற்றத்தின் விளைவுகள்

சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமரும் சிறிய ரைஃபிள் பிரைமரும் ஏறத்தாழ 4.45 மி.மீ. விட்டமுடையவை, ஒரே குழியில் பொருந்துபவை. எனினும், ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் பொதுவாகத் தடித்தது. ஆகவே, வலுக்குறைந்த ஊசியடியில் அது பற்றாமற் போகலாம். மாறாக, மெல்லிய கிண்ணமுடைய கைத்துப்பாக்கிப் பிரைமரை உயர் அழுத்தத் தோட்டாவில் இட்டால் கிண்ணம் துளைபட்டு, வெப்ப வாயு சுடுபவரை நோக்கிப் பீறிடக்கூடும்.

பெரிய வகைகளில் உயரமும் வேறுபடுகிறது. பெரிய ரைஃபிள் பிரைமரைக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் இட்டால் அது குழிக்கு வெளியே துருத்தி நிற்கும். துப்பாக்கியை மூடும்போதே வெடிக்கும் அபாயம் உண்டு.

மேக்னம் வகைப் பிரைமரின் சுடர் வலிமை மிக்கது. மருந்தளவு உச்ச வரம்பை ஒட்டியிருக்கையில் இம்மாற்றம் அறையின் அழுத்தத்தைப் பாதுகாப்பு எல்லைக்கு அப்பால் உயர்த்தலாம். அழுத்தம் கண்ணுக்குப் புலப்படாதது. ஆய்வுக்கூடக் கருவிகளாலேயே அளக்கத்தக்கது. எனவே, வெளியிடப்பட்ட மறுநிரப்பல் அட்டவணை எந்தப் பிரைமரைக் கொண்டு சோதிக்கப்பட்டதோ, அதற்கே அவ்வட்டவணை செல்லும்.

இந்தியச் சட்டநிலை

படைக்கலச் சட்டம் 1959, தோட்டாவின் பாகங்களையும் ‘வெடிபொருள்’ என்னும் வரையறைக்குள் அடக்குகிறது. அதன் 5ஆம் பிரிவின்படி, உரிமமின்றி அவற்றைத் தயாரித்தல் குற்றமாகும்.

முடிவுரை

குழியில் பொருந்துவது அளவு. தோட்டாவில் பொருந்த வேண்டுவது செயல். பிரைமரும் மருந்தும் குண்டும் கூடும் ஒன்றையொன்று சார்ந்து சமநிலையில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றை மாற்றுவது அச்சமநிலை முழுவதையும் மாற்றுவதாகும். ஆதலின், சோதிக்கப்பட்ட தரவு இல்லாதவிடத்துப் பிரைமரை மாற்றாதிருத்தலே சுடுநரின் கையையும் கண்ணையும் காக்கும் வழியாகும்.