மண்ணுக்கு எத்தனை டிகிரி?

கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஸ்கார்பரோ என்றொரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம். மே மாதக் கடைசியில் அங்கே பல வீடுகளில் ஒரே வேலை நடக்கும். மார்ச்சிலேயே விதை போட்டு, இத்தனை நாளும் சன்னலோரத்தில் வைத்து வளர்த்த மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை வெளியே தோட்டத்தில் நடுவார்கள். அதே நாட்களில் நம் மதுரையில், வைகைக் கரையில் உள்ள கோச்சடையில், மொட்டை மாடியில் நிற்கும் மிளகாய்ச் செடிக்கு நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும்.

செடி ஒன்றுதான். அப்புறம் ஏன் இப்படி? மண்ணுக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்தால் தெரியும்.

விதை முளைக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றோடு அளவான சூடும் வேண்டும். பல விதைகளுக்குள் மாவுச்சத்து சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் நொதிகள் என்ற புரதங்கள் வேலையைத் தொடங்கி, அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அதை உண்டுதான் முளை வளர்கிறது. குளிரில் நொதிகளின் வேலை மெதுவாகிவிடும். சூடு மிஞ்சினால் அவற்றின் வடிவமே குலைந்து, வேலை நின்றுபோகும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் காய்கறி விதைகளை வெவ்வேறு சூட்டில் உள்ள மண்ணில் போட்டு, முளை தலைகாட்ட எத்தனை நாளாகிறது என்று கணக்கெடுத்தார். 10 டிகிரி செல்சியஸில் தக்காளி முளைக்க 43 நாளானது. 15 டிகிரியில் 14 நாள், 20-இல் 8 நாள், 25-இலும் 30-இலும் 6 நாள். 35 டிகிரிக்குப் போனதும் மறுபடி 9 நாளாகிவிட்டது. வெண்டை வேறு மாதிரி. 15 டிகிரியில் அதற்கு 27 நாள் பிடித்தது, 35 டிகிரியில் ஆறே நாள்! பட்டாணியோ வெறும் 5 டிகிரியில்கூட 36 நாளில் எட்டிப் பார்த்துவிட்டது. இந்த எண்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒவ்வொரு விதைக்குள்ளும் அதன் சொந்த ஊரின் தட்பவெப்பம் பதிந்திருக்கிறது.

இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அம்மாவிடம் கேட்டு, குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு டப்பாக்களில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறும் பத்துக் காய்ந்த பட்டாணியும் வையுங்கள். ஒன்று பெட்டிக்குள் போகட்டும், இன்னொன்று அடுக்களையில் இருக்கட்டும். அடுக்களை டப்பாவையும் இருட்டாக மூடி வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருட்டு அல்லவா? சூட்டைத் தவிர மற்ற எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்தால்தான் அது நியாயமான சோதனை. அடுக்களைப் பயறு ஓரிரு நாளில் முளைவிடும். பெட்டிக்குள் இருக்கும் பயறு தண்ணீர் குடித்து ஊதியிருக்கும், ஆனால் முளைக்காது. ஐந்தாறு நாள் கழித்து அதை வெளியே எடுத்து வைத்தால் பெரும்பாலும் முளைத்துவிடும். பட்டாணியை மட்டும் உள்ளேயே விட்டு, துணி காயாமல் பார்த்துக்கொண்டு, சில வாரம் காத்திருங்கள். குளிருக்குள்ளேயே வேர் நீட்டும்.

பனி உருகி முடித்த ஏப்ரல் மாதத்தில் டொராண்டோவின் மண் ஏறத்தாழ உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மாதிரிதான் இருக்கும். அதனால் அங்குள்ளவர்கள் பட்டாணியையும் பசலைக்கீரையையும் முதலில் விதைக்கிறார்கள். விதைக்க மண்ணைத் தோண்டலாமா என்று பார்க்கவும் ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்து, பிறகு விரலால் தட்ட வேண்டும். உதிர்ந்தால் தோண்டலாம். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், பொறுக்க வேண்டும். ஈர மண்ணைக் கிளறினால் அதிலுள்ள காற்று இடைவெளிகள் நசுங்கிப்போய், வேருக்கு மூச்சு முட்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு நம் கரிசல் மண்ணுக்கும் இதே சோதனை பொருந்தும்.

தக்காளியும் மிளகாயும் மட்டும் மே பாதி தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை கனடாவில் விக்டோரியா நாள் விடுமுறை. அதை ஒட்டித்தான் நாற்று நடுவது அங்கே வழக்கம். அதற்கு முன்பு ஏதாவது ஓர் இரவில் உறைபனி விழுந்துவிடலாம். உறைபனியில் செடியின் செல்களுக்கு இடையில் இருக்கும் நீர் முதலில் பனிக்கட்டியாகும். அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிந்துபோகும். விடிந்து பார்த்தால் இலை கறுத்துத் தொங்கும். முட்டைக்கோசு போன்ற செடிகள் குளிர் வரவர செல்லுக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. வெப்பமான நாடுகளிலிருந்து வந்த தக்காளிக்கு அந்த வித்தை தெரியாது.

கோச்சடைக்கு வருவோம். இங்கே உறைபனி கிடையாது. தடுப்பது வெயில். சித்திரை, வைகாசியில் காற்றின் சூடே 40 டிகிரி தொடும். மாடியில் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து இரவிலும் விடுகிறது. தரையில் ஒரு முழம் ஆழத்தில் இருக்கும் வேருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மாடியில் பையில் இருக்கும் கொஞ்ச மண் எல்லாப் பக்கமும் சூடேறும். 35 டிகிரிக்கு மேலே போனால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். உரம் போதவில்லை என்று நினைத்துப் பலர் மேலும் மேலும் உரம் போடுகிறார்கள். பாவம், அந்தச் செடிக்கு வேண்டியது நிழல். கோடையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். அவை வெயிலைத் தாங்கும்.

ஆடி பிறந்ததும், அதாவது சூலை நடுவில், தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை நாற்றுக்குப் போடலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று உங்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ சொல்லியிருப்பார்கள். அதற்குள் இருக்கும் கணக்கு இதுதான்: ஆடியில் விதைத்த நாற்று ஒரு மாதத்துக்குப் பிறகு நடும் பக்குவத்துக்கு வரும். புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிவிடும். கார்த்திகை, மார்கழியில் பூக்கும்போது மதுரையின் இரவுச் சூடு 20 டிகிரியை ஒட்டி இறங்கியிருக்கும். பிஞ்சு பிடிக்க அதுதான் வேண்டும். ஆடியில் காற்று பலமாக அடிக்கும், நாற்றுக்குக் குச்சி ஊன்றிக் கட்ட மறக்காதீர்கள்.

நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் வெயிலில் வைத்துவிடக் கூடாது. முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்குங்கள். இலையின் மேல் மெழுகுப் படலம் தடிக்க அந்த அவகாசம் தேவை. குளிர் நாட்டிலும் நாற்றை வெளியே வைக்கும் முன் இப்படியே பழக்குகிறார்கள், அங்கே குளிர்காற்றுக்காகவும் சேர்த்து. பைகளைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைச் சருகைப் பரப்பி, காலையிலேயே தண்ணீர் ஊற்றுங்கள்.

சருகு போட்ட பையிலும் போடாத பையிலும் பகல் இரண்டு மணிக்கு மண்ணின் சூட்டை அளந்து பாருங்கள். வெப்பமானியின் நுனி இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

குளிரை வேண்டி நிற்கும் செடிகளும் உண்டு. கோச்சடையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் கொடைக்கானல், 2,100 மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறைவதால், டிசம்பர், சனவரியில் சில இரவுகள் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். அங்கே காய்க்கும் பேரியும் பிளம்ஸும் குளிர்காலம் கழிந்த பிறகே பூக்கும். ஆப்பிளும் அந்த வகைதான். அதன் விதையே குளிர் பட்டால்தான் முளைக்கும். சாப்பிட்ட ஆப்பிளின் விதைகளை ஆடியில் ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் எடுத்து மண்ணில் ஊன்றுங்கள். முளை வரும், இலை விடும், கன்றாகவும் ஆகும். ஆனால் பூக்க வேண்டுமென்றால் பெரும்பாலான ஆப்பிள் வகைகளுக்கு ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடைக்க வேண்டும். கோச்சடையில் அப்படி ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.