தொப்பியும் செருப்பும் கேட்கும் மண் சுவர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பழைய தோட்டத்து மண் சுவர் ஒன்றின் அருகே குனிந்து பாருங்கள். மேல்பாதி கல்லாக நிற்கும். தரையையொட்டி ஒரு முழ உயரம் மட்டும் எலி கறம்பியதுபோல உள்வாங்கியிருக்கும். அதன் காலடியிலேயே உதிர்ந்த மண் குவிந்து கிடக்கும். மண் சுவர் எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதை அந்த ஒரு முழத்திலேயே படித்துவிடலாம்.

மண்ணில் பசை போன்றது களி. அதன் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தகடு போலத் தட்டையானது. சுவர் காய்ந்த பிறகும் இந்தத் தகடுகளுக்கிடையே மெல்லிய நீர்ப்படலம் தங்கி, அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீர் கூடினால் பிடி தளர்ந்து தகடுகள் வழுக்குகின்றன. மணல் சுவருக்கு எலும்பு. களி காயும்போது சுருங்கி வெடிக்காமல் வைக்கோல் தடுக்கிறது.

உங்கள் மண் தேறுமா? மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடிமண்ணைக் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். சில நிமிடங்களில் மணல் அடியில் படியும், சில மணி நேரத்தில் வண்டல், ஒரு நாள் பொறுத்தால் களி. படிந்த மண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு களி இருந்தால் நல்லது. கூடிப்போனால் மணல் கலக்கலாம். குறைந்தால் கறையான் புற்று மண் கைகொடுக்கும்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மண்ணும் வைக்கோலும் மிதித்துக் கட்டிய வீடுகளும் தோட்டச் சுவர்களும் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் சுவர் நிலைக்கும் என்பது அவ்வூர்ச் சொல்வழக்கு. செருப்பு என்பது ஒன்றரை அடிக் கருங்கல் அடித்தளம்: தரை ஈரம் மேலேறாது, மழைத்துளி தெறித்தாலும் கல்லில்தான் படும். தொப்பி என்பது சுவரைவிட அகலமாக நீட்டிய ஓலை அல்லது ஓடு. நம் ஊரில் சுவர்த் தலையில் பனையோலை வேய்ந்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

இன்று பலர் செய்யும் தவறு, மண் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது. விரிசல் வழியே உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் அடிச்சுவரை ஊறவைக்கிறது. வெளியே பூச்சு பளிச்சென்றிருக்க, உள்ளே மண் குழைந்துகொண்டிருக்கும். ஒருநாள் சுவர் மொத்தமாகச் சரியும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை ஆவியாக வெளியே விடும்.

சிமெண்ட் உருவாகச் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மண் சுவர் காய வெயில் போதும். ஆகவே, அரித்த சுவரை இடித்துத் தள்ளாதீர்கள். கோடை வரட்டும். காலடியில் குவிந்த மண்ணை வாரி, வைக்கோல் சேர்த்து மிதித்து, அரித்த இடத்தை நனைத்து அப்புங்கள். அது அந்தச் சுவரின் மண்தான், ஒட்டிக்கொள்ளும்.