கம்பி எட்டாத வீடும் கை கொடுத்தோரும்

'வீட்டைக் கட்டிப் பார்' என்பது நம்மவர் வழக்கு. பொருட்செலவை எண்ணியே இதனைப் பெரும்பாலும் கூறுகிறோம். ஆயினும் தமக்கு உற்ற நண்பர் யார், கைவினை தெரிந்தோர் யார் என்பதையும் ஒருவர் வீடு கட்டும்பொழுதே அறிகிறார். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டாத இடத்தில், தனக்கு வேண்டிய ஒளியையும் நீரையும் தானே ஈட்டிக்கொள்ளும் வீட்டை எழுப்புவோர்க்கு இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். அத்தகைய வீட்டின் அமைப்பையும், அதனை எழுப்புவதில் நண்பர்க்கும் தொழில் வல்லார்க்கும் உள்ள பங்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவோஸ் வீடுகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், தாவோஸ் என்னும் ஊர் உள்ளது. அது வறண்ட மேட்டுநிலம். குளிர்காலத்தில் உறைபனி பொழியும். அங்கு மைக்கேல் ரெனால்ட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1970களில் தொடங்கிக் கழிவுப் பொருள்களைக் கொண்டு வீடுகளை வடிவமைத்தார். 'எர்த்ஷிப்' என்று அவை பெயர் பெற்றன. பழைய டயர்களில் மண்ணை இட்டு இடித்து நிரப்பிச் சுவராக அடுக்குவர். வீட்டின் தென்புறம் கண்ணாடியால் ஆனது. பகலில் அவ்வழியே நுழையும் வெயிலின் வெப்பத்தைத் தடித்த மண்சுவர் உள்வாங்கி, இரவில் மெல்ல வெளிவிடுகிறது.

அங்கு ஆண்டு மழையளவு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எனவே 100 சதுர மீட்டர்க் கூரை, சேதாரம் நீங்கலாகக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 30,000 லிட்டர் தரும். குளித்த நீர் வீட்டினுள்ளேயே செடிப்பாத்திக்குச் செல்கிறது. அங்கு வடிந்த நீர் கழிப்பறைக்குப் பயன்படுகிறது. இறுதியில் வெளித்தோட்டத்தை அடைகிறது. கூரைமீதுள்ள சூரிய ஒளித் தகடுகள் பகலில் மின்சாரம் தர, பேட்டரிகள் அதனை இரவுக்குச் சேமிக்கின்றன.

இருவகைக் கைகள்

மண் நிரப்பிய டயர் ஒன்றன் எடை ஏறத்தாழ 135 கிலோ. ஒரு வீட்டிற்கு நூற்றுக்கணக்கான டயர்கள் வேண்டும். ஒருவர் மண்ணை அள்ளிப் போட, மற்றொருவர் சம்மட்டியால் இடிக்க வேண்டும். இதற்குப் பெரும்பயிற்சி தேவையில்லை. பல கைகள் தேவை. இதுவே நண்பர்க்குரிய பணி. மண் குழைத்தல், செங்கல் சுமத்தல், சுவருக்கு மண் பூசுதல் ஆகியனவும் இவ்வகையின.

கூரை பொருத்துதல், நீர்த்தொட்டி கட்டுதல், குழாய் இணைத்தல், மின்பணி ஆகியன வேறு வகையின. சுவரில் ஒரு பிழை நேர்ந்தால் அதனைத் திருத்திக்கொள்ளலாம். பேட்டரி இணைப்பில் பிழை நேர்ந்தால் தீப்பற்றும். ஈய அமிலப் பேட்டரி மின்னேற்றம் பெறும்பொழுது எளிதில் பற்றக்கூடிய ஹைட்ரஜன் வளி வெளிப்படும் என்பதையும், அதனால் அவ்வறைக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது என்பதையும் அறிந்த எலக்ட்ரீஷியனே அங்கு நிற்க வேண்டும்.

இவ்வேறுபாட்டை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊர்ப்புறத்தில் சிறு வீடொன்று கட்டினோம். மழைநீர்த் தொட்டியின் உட்பூச்சை, செலவைக் குறைக்கும் ஆர்வத்தில், நண்பர் மூவருடன் நாமே செய்து முடித்தோம். பூச்சு பளபளவென்று இருந்தது. முதல் மழையில் தொட்டி நிரம்பியது. நான்காம் நாள் அடித்தரை தெரிந்தது. முதிய கொத்தனார் ஒருவர் வந்து விரலால் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "பூசின பிறகு எத்தனை நாள் தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டார். ஒரு நாள் என்றோம். "தான் தண்ணி குடிக்காத தொட்டி, உங்களுக்கு எப்படி வாத்தியாரே தண்ணி குடுக்கும்?" என்றார். பூச்சைக் கொத்தி எடுத்து மீண்டும் பூசிப் பத்து நாள் ஈரம் காயாமல் காத்தார். அன்று முதல் அத்தொட்டி கசிந்ததில்லை.

நூபியக் கொத்தர்

எம்மினும் பெரியோர்க்கும் இப்பாடம் கிட்டியுள்ளது. எகிப்து நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹசன் பத்ஹி (1900-1989), இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரமும் இரும்பும் அரிதானபொழுது, மண் செங்கல்லாலேயே வளைகூரை அமைக்க முயன்றார். தாங்கும் மரச்சாரம் இன்மையால் அது சரிந்து வீழ்ந்தது. பின்னர் அஸ்வான் பகுதிக்குச் சென்று, நூபியக் கொத்தர் சாரமின்றியே வளைகூரை எழுப்புவதைக் கண்டார். பின்சுவரில் சாய்த்து முதல் வரிசையை ஒட்டி, அடுத்தடுத்த வரிசைகளை அதன்மீது சாய்த்துச் செல்வர். வைக்கோல் மிகுதியாகக் கலந்த எடை குறைந்த கல்லைக் களிமண் சாந்து பற்றிக்கொள்ளும். அக்கொத்தரைத் துணைக்கொண்டே 1940களில் புதிய குர்னா என்னும் சிற்றூரை அவர் கட்டலானார்.

1980களின் தொடக்கத்தில் அவர் நூபியக் கொத்தரை உடனழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். தாவோஸ் அமைந்துள்ள அதே நியூ மெக்சிகோ மாநிலத்தில், அபிக்யூ என்னும் ஊரில், மண் செங்கல்லால் பள்ளிவாசல் ஒன்று எழுந்தது. பட்டம் பெற்றவரின் வரைபடத்தோடு அப்பட்டமில்லாத கைகளின் அறிவும் கடல் கடந்தது. மதீனத்துப் பள்ளிவாசலை எழுப்புகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு தாமும் கல் சுமந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம்.

முடிவுரை

கம்பியை விட்டு விலகி நிற்கும் வீடு மனிதரை விட்டு விலகி நிற்க இயலாது. கம்பியும் குழாயும் உள்ள ஊரில் அயலாரை அறியாமலும் வாழ்ந்துவிடலாம். அவை இல்லாத இடத்தில் அயலாரே கம்பியும் குழாயுமாவர்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மணியாசுக் கட்டை ஆகிய சொற்கள் கொத்தனார் நாவில் வழங்குகின்றன. இத்தகைய சொற்களுள் அகராதி ஏறாதவை எத்தனையோ! உங்கள் தெருவில் வீடு எழும்பொழுது ஏடும் எழுதுகோலுமாகச் சென்று அவர் அருகில் அமருங்கள். அவரை ஆசிரியராக எண்ணிக் கேளுங்கள். எம் தொட்டியைக் காத்த பெரியவர் இன்று இல்லை. அவரிடம் கேட்டு எழுதியது ஒரே ஒரு தொடர். கேளாமல் விட்டவை எத்தனை என எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது.