நீரிறைக்கும் இயந்திரத்தின் அதிர்வும் இரைச்சலும்

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம் பேரிரைச்சலுடன் ஓடுவதைச் சில கமக்காரர் அதன் வலிமைக்கு அடையாளமெனக் கொள்வர். இது தவறு. அதிரும் இயந்திரம் எண்ணெயை வீணாக்குவதோடு தன் உறுப்புகளையும் விரைவில் தேய்த்துவிடும்.

இயந்திரத்தைக் கற்களின்மேல் வைத்து ஓட்டாது, மட்டமான சீமெந்து மேடையில் பழைய தயர்த் துண்டுகளை இட்டு நிறுத்தி, சுரைகளை இறுக முடுக்குக. குழாய்களின் பாரம் பம்பியின்மேல் தொங்கலாகாது; அவற்றிற்குத் தனியே மரக்கவர் நாட்டுக.

பம்பியினுள் சரளைக்கற்கள் உருள்வது போன்ற ஓசை எழுமாயின், பெரும்பாலும் அது போதிய நீர் வந்து சேராமையின் அறிகுறியாகும். அடிவால்வின் வலையில் பாசி அடைத்திருக்கலாம். அன்றேல் கோடையிற் கிணற்று நீர் தாழ்ந்திருக்கலாம். மேலே நிற்கும் பம்பி ஏறத்தாழ 20 முதல் 25 அடிக்குக் கீழுள்ள நீரை நன்கு உறிஞ்சமாட்டாது. உறிஞ்சு குழாயின் மூட்டுகளிற் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்க. காற்றுப் புகும் இடத்தில் நுரை உள்ளிழுக்கப்படும்.

நீர் தாழ்ந்ததென்று எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவோரும் உளர். ஒருபோதும் அவ்வாறு செய்யற்க. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்ற நச்சுவாயு. இயந்திரம் நின்ற பின்னரும் அது கிணற்றினுள் தேங்கி நின்று, இறங்குபவரை விரைவில் மயக்கிக் கொல்லும். அவரைத் தூக்க இறங்குபவருக்கும் அதே கதியாம். அத்தகைய ஆழக் கிணறுகளுக்கு நீருள் அமிழ்ந்திருந்து இயங்கும் மின்பம்பியே ஏற்றது.